நாற்காலி போடாத இடத்தில் மகளைப் பார்க்க அனுமதி கோரி

அனுப்புநர்:
பூமாலை,
க/பெ. (காலஞ்சென்ற) இருசப்பன்,
காலனித் தெரு, தியாகதுருகம் அருகில்,
கள்ளக்குறிச்சி வட்டம், தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: சிறுமியர் இல்லத்தில் உள்ள என் மகள் மணிமொழியை நான் சந்திக்கும் முறையை மாற்றித் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கரும்பு வெட்டும் கூலியாள். கணவர் இல்லை. மணிமொழி ஒரே மகள், வயது ஏழு. சென்ற செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய அன்று, அவளைத் தியாகதுருகத்தில் பூக்கடை பெரியநாயகியிடம் விட்டுவிட்டு, மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சி போனேன். திரும்பும்போது சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து ஓடவில்லை. கடையை மூடச் சொல்லி விரட்டியதால் பெரியநாயகி பயந்துபோய்க் குழந்தையைக் காவலரிடம் ஒப்படைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் வயல் வழியே நடந்து வந்து சேர்வதற்குள், ஆதரவற்ற குழந்தை என்று எழுதிக் கடலூர் சிறுமியர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

2. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, இல்லத்தின் கண்காணிப்பாளர் அம்மையார் அறிக்கை தந்த பிறகே ஒப்படைப்பார்களாம். பெற்று வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் சரி என்றேன்.

3. சந்திப்பு அம்மையாரின் அலுவலக அறையில் நடந்தது. மகளுக்கும் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நிலக்காரர் வீட்டு வாசலில் எப்படி நிற்போமோ, அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் கைகட்டி நின்றேன். அம்மையார் சொல்லாமல் பிள்ளையைத் தொடலாமா என்று பயம். நேரம் முடிந்தது என்றதும் கும்பிட்டுவிட்டு வந்தேன். 'தாய் குழந்தையின் அருகில் செல்லவில்லை. பாசம் தென்படவில்லை' என்பது அறிக்கை.

4. அடுத்த மாதம் உள்ளே நுழைந்ததும் மகளை வாரி அணைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "யம்மா, வூட்டுக்கு இட்டுக்கினு போம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். இரண்டு பேர் வந்து அவள் விரல்களைப் பிரித்தார்கள். 'தாயின் வருகை குழந்தையைப் பாதிக்கிறது' என்பது அந்த மாத அறிக்கை. நின்றாலும் குற்றம், அணைத்தாலும் குற்றம் என்றால் நான் எந்தப் பக்கம் திரும்புவது ஐயா?

5. அதற்கடுத்த முறை மறுபடியும் மறியல். பேருந்து உளுந்தூர்பேட்டையோடு நின்றுவிட்டது. 'தாய் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

6. சென்ற ஞாயிறு போனேன். அம்மையார் கெட்டவர் அல்லர், தேநீர்கூடத் தரச் சொன்னார். எதைச் செய்தால் எதை எழுதுவாரோ என்று கதவோரமே நின்றுவிட்டேன். மகள் நாற்காலியை விட்டு இறங்கினாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். மெல்ல நடந்து என் எதிரே வந்து, என்னைப் போலவே கைகட்டி நின்றாள். பிள்ளை நல்ல ஒழுக்கம் பழகிவிட்டதாக அம்மையார் சந்தோஷப்பட்டார்.

ஆகவே, என் மகளை என்னிடமே ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை இல்லத்து வேப்பமரத்தடியில் அவளைப் பார்க்க அனுமதியுங்கள். தரையில் உட்கார்ந்து, தலைவாரிவிட்டு, நான் கொண்டுபோகும் சோற்றை ஊட்டிவிடுகிறேன். அம்மையார் தூரத்திலிருந்து பார்க்கட்டும், பார்த்ததை எழுதட்டும். அந்தக் கைகட்டு என் பிள்ளைக்குப் பழகிப்போவதற்குள் உத்தரவிடுங்கள்.

இந்த மனுவைக் கொடுத்துவிட்டுத் தங்கள் முன்னும் நான் கைகட்டித்தான் நிற்பேன். அதைப் பார்த்து, இவளுக்குப் பிள்ளைமேல் பாசமில்லை என்று தாங்களும் நினைத்துவிட வேண்டாம்.

இடம்: தியாகதுருகம்
நாள்: 15.2.1988

இப்படிக்கு,
பூமாலை
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்ல எழுதி, படித்துக் காட்டியவர்: தங்கதுரை