சாய்வுப் பலகைக்கு ஆறரை அடி

அன்புள்ள துரை அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கிரேனில் ஏறி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது என்றீர்களே, தைலம் தேய்க்கிறீர்களா? நாயின் பெயரைச் சொல்லி உங்களை அப்பா ஆக்கிவிட்டேன் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். எல்லாரும் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் புருஷனைக் கூப்பிடுகிறார்கள். நமக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா என்று முடித்துவிடுகிறோம். இது அதற்குள் அடங்காது.

துரைக்குப் பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. போன மாதம் என் கட்டிலுக்குத் தாவியவன் பாதியில் வழுக்கி விழுந்தான். விழுந்ததும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான். பெயருக்கேற்ற கௌரவம். மிருக டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “இனிமே குதிக்க விடாதீங்கம்மா, படியும் ஏறக் கூடாது. சாய்வா ஒரு பலகை போட்டுக் குடுங்க. உடம்பையும் கொஞ்சம் குறைக்கணும்” என்றார். கடைசியில் சொன்னதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

உங்கள் அக்காவிடம் சொன்னேன். “நாய்க்கு எதுக்குடி கட்டிலு, கீழ படுக்கப் போடு” என்றார். போட்டுப் பார்த்தேன். அவன் நன்றாகத் தூங்கினான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் ஒரு உயிர் மூச்சு விடுகிற சத்தம் வேண்டியிருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடையில் மடக்குப் பலகை ஒன்று வாங்கினேன். மூன்றரை அடி நீளம். ஒரேயடியாகச் செங்குத்து. துரை முன்னங்கால் இரண்டையும் வைத்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான், இறங்கிப் போய்விட்டான். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டேன். கட்டில் உயரம் இருபத்திரண்டு அங்குலம் என்றதும் அவர், “வயசான காலு, ஆறரை அடியாவது நீளம் வேணும். அவ்வளவு இடம் இருக்கான்னு அளந்து வைங்க” என்றார். என் கட்டில் ஓரத்திலிருந்து எதிர்ச் சுவர்வரை டேப்பை இழுத்தேன். ஏழடி இருந்தது. செய்யச் சொல்லிவிட்டேன். நகம் வழுக்காமலிருக்கப் பழைய கம்பளத்தில் வரிவரியாக மடிப்பு வைத்து ஒரு உறையும் தைத்து வைத்தேன்.

நேற்று காலை ஆசாரி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஏம்மா, அளந்தது நீங்கதானே? அப்ப இந்தக் கட்டிலு?” என்றார்.

உங்கள் கட்டில். எதிர்ச் சுவரை ஒட்டி, நீங்கள் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே கிடக்கிறது. தைக்க வந்த துணியெல்லாம் அதன்மேல்தான் போட்டு வைப்பேன். டேப்பை அந்தத் துணிக் குவியலின் மேலாகவே இழுத்து ஏழடி என்று படித்திருக்கிறேன். இருபது வருடமாக ஊராருக்கு அளவெடுப்பவள், அரை அங்குலம் தப்பாதவள், ஒரு முழுக் கட்டிலைப் பார்க்கவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் என்று வெளிநாடு போனவர், ஆறு வருடம் ஆகிறது. கோபமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்திருப்பேன் என்று நினைக்கவில்லை. ஆசாரியின் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவம், என் வீட்டுச் சமையலறையில் தேடி எனக்கே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பலகையைப் பக்கவாட்டில் போட்டால் கதவு திறக்காது. கட்டில் அப்படியே இருக்க வேண்டுமென்றால் பலகையைப் பாதியாக அறுக்க வேண்டும், அதில் அவனால் ஏற முடியாது. பலகை வேண்டுமென்றால் கட்டிலைக் கழற்ற வேண்டும். “எதுன்னு சொல்லுங்க, பத்து நிமிச வேலை” என்று ஆசாரி ஸ்பேனரோடு நின்றார். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். துணியையெல்லாம் எடுத்துவிட்டு உங்கள் மெத்தையைத் தட்டிப் போட்டேன். தூசி அடங்க வெகுநேரமாயிற்று.

வேலை முடிந்தது, வருகிறேன் என்று நீங்கள் எழுதினால் பலகையை விற்றுவிடுகிறேன். தரையில் மெத்தை போட்டு அவனைப் பழக்கிக்கொள்ளலாம், எனக்கும் தூக்கம் வந்துவிடும். இன்னொரு ஒப்பந்தம் போடப்போகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். சண்டை போட மாட்டேன். ஆசாரிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். உங்கள் பதில் வரும்வரை துரையை நானே தூக்கிக் கட்டிலில் ஏற்றுகிறேன். இருபத்தெட்டுக் கிலோ இருக்கிறான். ரொம்ப நாளைக்கு என்னால் முடியாதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி