உன் பேரை அமுத்தினால் பேப்பர் வரும்

பிரிண்டரில் இருந்து வரும் பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு, ஞாபகம் இருக்கா? இஸ்திரி போட்ட துணி கொஞ்சம் தீஞ்ச மாதிரி. இன்னைக்கு மத்தியானம் அந்த வாசனை வந்ததும் டீ ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டேன். பேப்பர் சூடாக, நேராக, ஒரு மடிப்பு இல்லாமல் வந்து விழுந்தது. ஆபீஸே கை தட்டியது. என் கையில் டீ இருந்ததால் நான் தப்பித்தேன். இல்லாவிட்டால் ஏன் தட்டவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள், நானும் ஏதாவது உளறியிருப்பேன். நம்ம ஆபீஸில் உன் வழியாக வராத முதல் பேப்பர்டி அது.

இதை வேறு யாரிடமாவது சொன்னால், காஞ்சனாவுக்கு மூளை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதும் மடல். எழுத்துக் கோணினால் சிரிக்காதே. சரி, சிரி. நீ சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

நம்ம டெஸ்பாட்ச் ஆபீஸில் எல்லார் மேஜையிலும் கம்ப்யூட்டர் இருக்கும், பிரிண்டர் மட்டும் ஒன்றுதான். அதன் வயர் உன் கம்ப்யூட்டருக்குப் போகும், உன் கம்ப்யூட்டரில் இருந்துதான் மற்ற எல்லாருக்கும். யார் எதை அடிக்க வேண்டுமென்றாலும் ஒரு லிஸ்ட் வரும், அதில் இங்கிலீஷில் உன் பேர் நிற்கும். உன் பேரை அமுத்தினால் பேப்பர் வரும். மேனேஜர் சாரே ஆனாலும் அதே கதைதான். "இந்தக் கம்பெனியில எல்லாரும் என்னைத் தாண்டித்தான்டி போவணும்" என்று நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். "அப்போ வாட்ச்மேன் சம்பளமும் சேத்து கேளுடி" என்பேன் நான்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் உருவத்தை வைத்தே தெரியும். முதலில் ரெண்டு முகடு உள்ள மலை, அப்புறம் ஒரு கூடாரம், அப்புறம் முதுகு நேராக ஒரு நாற்காலி. மீதியைப் பார்க்கத் தேவையே இல்லை, நீதான். நீ சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கேட்டில் இருந்து போன் வரும், லாரி நிற்கிறது, பில் வேண்டும் என்று. கையில் சோற்றோடு அங்கிருந்தே கத்துவாய்: "காஞ்சனா, என் பேரை அமுத்துடி!" அமுத்துவேன். உள்ளே அது ஒரு முறை உறுமும், பிறகு பேப்பரைத் துப்பும். ஏதோ நானே ராக்கெட் விட்ட மாதிரி இருக்கும்.

துப்பாத நாளும் உண்டு. அன்றைக்குத்தான் வேடிக்கை. அக்கவுண்ட்ஸ் தாமோதரன் சார் அதன் மண்டையில் தட்டுவார். ஸ்டோர்ஸ் பாபு மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் டப்பாவை எடுத்து இருமல் மருந்து குலுக்குகிற மாதிரி குலுக்குவான். நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதன் முகத்தையே பார்ப்பாய். "பேஜாரு ஆவாதீங்க. மொதல்ல எது எரியுது, எது எரியலன்னு பாருங்க." அவ்வளவுதான் உன் வித்தை. பிரிண்டரில் லைட், வயர் சொருகின பெட்டியில் லைட், கம்ப்யூட்டரில் லைட், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவாய். எங்கே அணைந்திருக்கிறதோ அங்கே கோளாறு.

"உங்க ஊட்டுக்காரரையும் இப்படித்தான் லைட்டு பாத்து கண்டுபுடிக்கிறியா?"

"அவருக்கு எப்பவும் செவப்பு லைட்டுதான்டி. சம்பளத்தன்னிக்கு மட்டும் பச்சை."

அன்றைக்கு மேனேஜர் சார் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

இப்போதும் அதே எலக்ட்ரிக் ட்ரெயினில்தான் போகிறேன். கரண்டு கம்பெனி சாம்பல் பறக்கிற அத்திப்பட்டில் ஏறி, பழக்கத்தில் ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடிக்கிறேன். பொன்னேரி வரும். நீ ஏறினதும் முதல் வேலையாக என் தலையைத் தட்டிவிடுவாய். "சாம்பல் தூத்திக்கினு வரியேடி, பவுடர் போட துட்டு இல்லியா?" இப்போது தட்ட ஆளில்லை. கும்மிடிப்பூண்டி வரை அந்தச் சாம்பலோடுதான் போய் இறங்குகிறேன்.

காய்ச்சல் என்று லீவு போட்டாய். போன் செய்தேன். "ரெண்டு நாள்ல வந்துடறேன். அதுவரைக்கும் பிரிண்டரை யாரும் அடிக்காம பாத்துக்கோ" என்றாய். காய்ச்சலிலும் அந்த மெஷினுக்காகத்தான் கவலை. அப்புறம் உன்னைப் பார்த்தது பெரியாஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து. உன்னைச் சுற்றி எத்தனை லைட். சிவப்பு, பச்சை, மஞ்சள். எது எரிய வேண்டும், எது எரியக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லையேடி. உள்ளே இருந்து வந்தவர்களை எல்லாம் கேட்டேன். "பாத்துக்கினு இருக்கோம்மா" என்றார்கள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் காரியம் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று உன் மேஜையில் உன் போட்டோவை வைத்தோம். ஐடி கார்டில் இருந்து பெரிதாக்கினது. "எலி மாதிரி இருக்கேன்" என்று நீ மறைத்து மறைத்து வைப்பாயே, அதே போட்டோ. மன்னித்துக்கொள், வேறு கிடைக்கவில்லை. தாமோதரன் சார் ஒரு சின்ன கரண்டு விளக்கு வாங்கி வந்திருந்தார். பிளக் போட இடம் இல்லை. மனுஷன் குனிந்து மேஜைக்கு அடியில் போய், ஏதோ ஒன்றைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் சொருகினார். விளக்கு எரிந்தது. எல்லாரும் கும்பிட்டோம். நான் அழுதேன். பாபுவும் அழுதான், அதை வெளியே சொல்லாதே.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸே நின்றுபோனது. யார் அமுத்தினாலும் பேப்பர் வரவில்லை. தாமோதரன் சார் தட்டினார். பாபு குலுக்கினான். பெட்டியில் இருந்து வரும் நீல வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டார்கள், அவரவர் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டார்கள். வராவிட்டால் என்ன செய்வார்கள், மறுபடி அமுத்தினார்கள். வெளியே நெல்லூர் போகிற லாரி. அந்த டிரைவர் உள்ளேயே வந்துவிட்டார். "நைனா, ஒரு பேப்பர் குடுக்க இவ்ளோ நேரமா? லோடு ஏத்தக்கூட இவ்ளோ நேரம் ஆவலியே!"

நானும் என் பங்குக்குப் போய் லைட்டைப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரி. பிரிண்டரில் பச்சை எரிந்தது. மற்ற லைட்டைத் தேடி உன் மேஜைப் பக்கம் போக மனசு வரவில்லை. டீ கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ரிப்பேர் அதுதான்.

கடைசியில் தாமோதரன் சார் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒருத்தர் பொறுமையாகக் கேட்டார்: "பிரிண்டர் வயர் எந்தக் கம்ப்யூட்டர்ல சார் இருக்கு? அந்தக் கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா?"

எல்லாரும் திரும்பி உன் போட்டோவைப் பார்த்தோம்.

"ஹலோ, அது யார் கம்ப்யூட்டர் சார்?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

தாமோதரன் சார் மறுபடி மேஜைக்கு அடியில் போனார். வெளியே வரவே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். அவர் பிடுங்கிப்போட்ட உன் கம்ப்யூட்டர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருப்பது ஒரே ஓட்டை. அதில் உன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காஞ்சனாம்மா, நான் இதை எப்படிம்மா புடுங்குவேன்?" என்றார்.

டிரைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பரவால்ல நைனா, நான் வெளிய இருக்கேன், மெதுவா பாருங்க."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "புடுங்குங்க சார். அவ இருந்தா, சாமி கும்பிட்டது போதும், மொதல்ல லாரியை அனுப்புங்கன்னுதான் சொல்லியிருப்பா" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். விளக்கு போனது. கையில் இருந்த பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டினதும் உன் கம்ப்யூட்டர் மூச்சு விட்டது.

அப்புறம் வந்ததே ஒரு மழை! காலையில் இருந்து ஆளாளுக்கு அமுத்தினது எல்லாம் எங்கேயோ காத்திருந்திருக்கிறது. ஒரே பில் திரும்பத் திரும்ப, ஒரே கேட் பாஸ் திரும்பத் திரும்ப, தட்டு நிறைந்து தரையில் கொட்டியது. பாபு வாரிக்கொண்டே "போதும்க்கா, போதும்க்கா" என்கிறான், என்னவோ நீயே பக்கத்தில் உட்கார்ந்து அனுப்புகிற மாதிரி. எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடேயே அழுதோம். டிரைவர் ஒன்று கேட்டார், ஒரு கட்டு கொடுத்து அனுப்பினோம்.

அதில் மிச்சத்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வழக்கமாக வடை எண்ணெய் ஒத்தத்தான் எடுத்து வருவேன், நீயும் திட்டுவாய். இந்தக் கட்டில் மட்டும் எண்ணெய் படவில்லை. இப்போது எழுதுவதும் அதன் பின்பக்கத்தில்தான்.

அடுத்த நாளே ரெண்டு மூணு பிளக் சொருகுகிற பெட்டி வாங்கினார்கள். உன் கம்ப்யூட்டர் மேல் 'அணைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினார்கள். புதுசாக வந்த பெண்ணுக்கு வேறு மேஜை போட்டார்கள். உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, ஆனால் எல்லாரும் நாள் முழுக்க உன் பேரைத்தான் அமுத்தினார்கள். நான் காலையில் துடைக்கும்போது உன் கம்ப்யூட்டர் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கதகதப்பாக இருக்கும். சரி, இருக்கிறாள் என்று அடுத்த மேஜைக்குப் போவேன்.

அதுவும் கிழடாகிவிட்டதே, என்ன செய்ய? பாதியில் தூங்கிவிடும். பேப்பருக்காக நிற்பார்கள், வராது. தாமோதரன் சார் அணைத்துப் போடுவார், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும். லைட் எல்லாம் எரியும், பேப்பர் மட்டும் வராது. நீ சொல்லிக்கொடுத்ததில் இதற்கு மருந்தே இல்லையேடி. துடைக்கிற துணியோடு நான் அங்கேயே நிற்பேன், வராந்தாவில் நின்ற மாதிரியே.

இன்றைக்கு ஹெட் ஆபீஸில் இருந்து சர்வீஸ்காரர் வந்தார். நல்ல மனுஷன், நரைத்த மீசை. உன் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு டெஸ்ட் பேப்பர் அடித்துப் பார்த்தார். "பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு சார். கம்ப்யூட்டர்தான் போவப்போவுது. வயரை நேரா நெட்வொர்க்குல குடுத்துடலாம். இனிமே நடுவுல எந்தக் கம்ப்யூட்டரும் வேணாம்" என்றார். ஒவ்வொரு மேஜையாகப் போய், லிஸ்டில் இருந்து உன் பேரை எடுத்தார். மலை, கூடாரம், நாற்காலி, எல்லாம் ஒரே அமுத்தலில் போனது. நான் டீ ட்ரேயோடு பின்னாலேயே போனேன். டீ ஆறிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

கடைசியாக அவர் கேட்டார்: "பிரிண்டருக்கு இன்னா பேரு வெக்கலாம் சார்?"

எப்போதும் போல விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "பழைய பேரே இருந்துட்டுப் போவட்டுமேப்பா. அதுக்கு இன்னா சோறா போடணும்?" சொல்லி முடிக்கும்போது என் குரல் விளையாட்டாக இல்லை. எனக்கே கேட்டது.

மேனேஜர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ஆசைதான் காஞ்சனா. ஆனா பேப்பர் வரலன்னா நாம இன்னா பண்றோம்? அதைத்தானே திட்டறோம்? தினம் அந்தப் பேரைச் சொல்லித் திட்டணுமா? வேணாம்மா."

அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. பிரிண்டருக்கு ஆபீஸ் பேரையே வைத்தார்கள். முதல் பேப்பர் வந்தது, கை தட்டினார்கள்.

அப்புறம் அவர் உன் கம்ப்யூட்டரை அணைத்தார். அது இத்தனை நாளாக 'ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்திருக்கிறது. நின்ற பிறகுதான் தெரிந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது மறுபடி வைத்தேன். இல்லை.

டெஸ்ட் பேப்பரைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்கள். எடுத்து வந்தேன். அன்றைக்கு எடுத்து வந்த கட்டுப் பேப்பர் எல்லாம் எழுதித் தீர்ந்தது, இது கடைசி. திருப்பிப் பார்த்தால் மேலேயே உன் பேர், கருப்பாக, தெளிவாக. மலை, கூடாரம், நாற்காலி. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை. நாளைக்கு ஆபீஸில் எந்த லிஸ்டைத் திறந்தாலும் எனக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் எனக்கு மறக்காதுடி. இதை என்னிடம் இருந்து எடுக்க எந்த சர்வீஸ்காரரும் வர முடியாது.

இப்போதுதான் விரலை வைத்து அமுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் விரலை எடுக்கவில்லை.