கறுப்புப் பூச்சுக்குக் கீழே

லோசான்
ஏப்ரல் 7, திங்கட்கிழமை

அன்பு மகள் சுஜானிக்கு,

அம்மா எழுதுவது. மடு மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகம். தம்பி டினேசும் கூர் நகரத்தில் வேலையும் வீடுமாக நல்லபடி இருக்கிறான். நீயும் நீ குடியிருக்கும் படகும் இந்தக் கிழமை எந்தக் கரையில் நிற்கிறீர்களோ, அங்கே சுகமாக நிற்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். கடிதம் ஏன் உன் வேலையிடத்துக்கு வந்ததென்று யோசிப்பாய். வேறு எங்கே அனுப்புவது? பதினான்கு நாளைக்கு ஒருதரம் படகை நகர்த்த வேண்டும், அது இங்கிலாந்துக் கால்வாய்ச் சட்டம் என்று சொன்னாய், நானும் ஓம் என்றேன். ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருதரம் இடம் மாறுகிறவர்கள் யாருக்கோ ஒளித்துத் திரிகிறவர்கள் என்றுதான் என் புத்திக்குப் படுகிறது. ஒரே விலாசம் எழுதிய பெர்மி, இந்த நாட்டு வதிவிட அனுமதி, ஒன்றுக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள் நான், என்னில் பிழை பிடிக்காதே. இதை வாட்ஸ்அப்பில் சொல்லாததற்கும் காரணம் உண்டு. நீ எனக்கு அனுப்பும் குரல் செய்திகளை வேறு யாரோ கேட்கிறார்கள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், நான் தொடாத செய்தி கேட்டு முடிந்ததென்று நீல நிறமாய்க் கிடக்கும். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் நான். மற்றவர் இரண்டு வருடமாக உன்னோடு கதைக்காத உன் அப்பா.

அம்மா ஒரு சந்தேகப்பிராணி என்று நீயும் டினேசும் சிரிப்பீர்கள். இந்தமுறை சிரிக்காமல் கேள். தை மாதத்தில் இருந்து அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் வெளிக்கிட்டுப் போய் பின்னேரம்தான் வருவார். கேட்டால், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஆள் காணாது, மேலதிக வேலை என்பார். முப்பது வருடம் சலவையில் நிற்கிறவரின் கை எப்படி இருக்கும்? வெளிறி, விரல் நுனி சுருங்கி இருக்கும். இவர் நகத்துக்குள் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தார். சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு. உடுப்பில் பெற்றோல் போலவும் இல்லாத, தார் போலவும் இல்லாத ஒரு மணம். அந்த உடுப்பை என்னிடம் தராமல் தானே கீழே கொண்டுபோய்த் தோய்த்தார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து தன் காலுறையின் சோடி எங்கே என்று தெரியாத மனிதர்! பிறகு போன மாதம் மேல்வீட்டுச் சிவதர்சினி லிப்டில் என்னைப் பிடித்து, அன்ரி, கிளமென்ற் அங்கிளை ஊஷிப் பக்கம் பஸ்ஸில் கண்டனான், கட்டைத் தலைமயிர் வெட்டின ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போனவர் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கவலை எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்படுகிற மாதிரிப் பார்த்தாள். ஐம்பத்தேழு வயதில் இந்த மனிதருக்கு என்ன வந்ததென்று அந்தக் கிழமை முழுவதும் சோறு இறங்கவில்லை. அவருடைய ஜக்கெற் பையைத் தேடினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு சின்னச் சுத்தியலும், பிரெஞ்சில் ஏதோ கீறி அம்புக்குறி போட்ட ஒரு கடதாசியும் இருந்தன. காதல் கடிதத்தில் அம்புக்குறி எதற்கு என்றுகூட எனக்கு யோசனை ஓடவில்லை.

அதற்கடுத்த சனி அவருக்குப் பின்னால் போனேன். தலைக்குத் தொப்பி, முகத்துக்குக் கொரோனாக் கால மாஸ்க். மெத்ரோவில் அவர் முன்பெட்டி, நான் பின்பெட்டி. ஊஷியில் இறங்கிப் பஸ் எடுத்து, ஏரிக்கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் இறங்கினார். படகுகளைக் கரையில் ஏற்றித் திருத்துகிற இடம் அது. மரக்கட்டைகளில் தூக்கி வைத்த ஒரு பழைய இரும்புப் படகு, முன்பு மணல் ஏற்றினதாம், அதற்குக் கீழே மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார் உன் அப்பா. கட்டைத் தலைமயிர்ப் பொம்பிளை பக்கத்தில் வெல்டிங் கண்ணாடியோடு நின்றாள். மதாம் கொலெத் என்று பெயர், என்னைவிட வயது கூட, அந்த இடத்துக்குச் சொந்தக்காரி. நான் மாஸ்க்கைக் கழற்றி, இஞ்சாருங்கோ, இதுவோ உங்கட ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அவர் எழும்பின வேகத்தில் தலை இரும்பில் இடிபட்டது. முகமெல்லாம் கறுப்பு, கண் மட்டும் தெரிந்தது. நீர் இஞ்சை என்ன செய்யிறீர் என்று என்னையே கேட்டார்! அந்தப் பொம்பிளை விளங்காமல் சிரித்து எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தாள். நான் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, பிள்ளை தன்ர படகை மே மாதம் தண்ணிக்கு வெளியில தூக்கப் போறாளாம், அடி முழுக்கச் சுரண்டிக் கறுப்புப் பூச வேணுமாம், வித்தவன் போன முறை தான் பூசினது எண்டானாம், அவளும் அதை நம்பியிருக்கிறாள் என்றார். பூச்சை ஆர் நம்புவான், சுரண்டிப் பாத்தாத்தான் கீழை இரும்போ கறளோ எண்டு தெரியும் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, உன் செய்திகளைக் கேட்டது யாரென்றும் ஏனென்றும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்குமாம், துருப்பிடித்துக் கறள் தின்றது பலகை மாதிரிக் கேட்குமாம். இரும்பின் தடிப்பை அளக்கிற கருவி ஒன்றும் கொலெத் இரவல் தருகிறாளாம். மே மாதம் உன்னிடம் வர ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், எனக்குச் சொல்லாமல்.

அப்படியானால் ஏன் இரண்டு வருடம் உன்னோடு கதைக்கவில்லை என்று கேட்பாய். நீ வாடகை அறையை விட்டுவிட்டுப் படகு வாங்கின அன்று, எனக்கு அப்பிடியொரு வீடு தெரியாதெண்டு அவளிட்டைச் சொல்லும் என்று போனை வைத்தவர். சனம் என்ன சொல்லும் என்ற பயமென்று நீ நினைத்தாய், நானும் உன்னை அப்படியே நினைக்க விட்டேன். அது பிழை. ஜஸ்ரின் சித்தப்பா பேசாலையில் ஷெல் விழுந்து செத்தார் என்று உங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய், மகள். தொண்ணூறாம் ஆண்டு அண்ணனும் தம்பியும் இராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள். படகுக்காரன், நேற்றுத்தான் தார் பூசினது, பயப்படாமல் ஏறுங்கோ என்றானாம். உக்கின பலகைக்கு மேலே தார். பாதி வழியில் பலகை விட்டுக்கொடுத்தது. அப்பாவும் சித்தப்பாவும் கையாலேயே தண்ணீர் அள்ளினார்கள். படகு கவிழ்ந்தபோது அப்பா ஒரு பலகையைப் பிடித்தார், சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சித்தப்பாவுக்கு இருபது வயது. ஏறு எண்டு நான்தான் சொன்னனான் என்று அப்பா கல்யாணம் கட்டின புதிதில் ஒரேயொருதரம் சொன்னார், பிறகு அந்தக் கதையே இல்லை. அதன்பிறகு அவர் ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. உங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாப் பெற்றோரும் ஏரிக் கப்பலில் வர, அவர் மட்டும் ரயிலில் வந்தது ஞாபகமிருக்கும். நீ அன்று கோபித்தாய்.

இப்போது நேற்று முன்தினத்தைச் சொல்கிறேன். நானும் கூடப் போனேன், ஒளிக்காமல். கரையில் நிற்கிற படகுகளை அவர் தொடுவார், தட்டுவார், கீழே படுப்பார். தண்ணீரில் நிற்கிறதற்குக் கிட்டப் போகமாட்டார், கொலெத் இரண்டு மாதமாகக் கூப்பிட்டும் போகவில்லையாம். அன்று சுரண்டி முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, யாரும் கேட்காமலே இறங்குதுறைக்கு நடந்தார். அங்கே அவளுடைய சின்னப் படகு கட்டியிருந்தது. ஒரு காலை வைத்தார், படகு அசைந்தது, எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன், கொலெத் என் கையைப் பிடித்து அமத்தினாள். கயிற்றைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, பிறகு இரண்டு காலும் உள்ளே. நிற்கவில்லை, உடனே குந்தினார். குந்தி, உள்ளங்கையைத் தரைப்பலகையில் வைத்து, மூலை மூலையாகத் தடவினார். முன்னுக்குத் தடவி, பின்னுக்குத் தடவி, திரும்பவும் முன்னுக்கு. பிறகு கையை என் பக்கம் விரித்துக் காட்டி, றஞ்சினி, காய்ஞ்சு கிடக்கு என்றார். அவ்வளவுதான். அவள் எனக்குத் தந்த கோப்பியை அன்றுதான் முதன்முதலாகக் குடித்தேன்.

அப்பாவில் சந்தேகம் தீர்ந்தது, இனி உன்னில். வீடியோவில் எப்போதும் அடுப்பையும் யன்னலையும் மட்டும் காட்டுகிறாய், பின்பக்கத்தைக் காட்டுவதில்லை. படியடியில் தரைப்பலகையைத் தூக்கிப் பார், கீழே தண்ணீர் நிற்கிறதா என்று உண்மையைச் சொல். படகைத் தள்ளும் சுழலியின் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டு விழுகிறதென்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சை மாற்றினாய், அதற்குக் கிறீஸ் போடுகிறாயா? கரியடுப்பு எரிக்கிறாய், நச்சுப் புகைக்குக் கத்துகிற பெட்டியின் பொத்தானைக் கிழமைக்கொருதரம் அமத்திப் பார்க்கிறாயா? இன்னொன்று. கோப்பை காயவைக்கிற தட்டில் எப்போதும் இரண்டு கோப்பை. கதவடியில் உன் காலை விடப் பெரிய சப்பாத்து. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வர முன்னம் நீயாகச் சொன்னால் நல்லது.

இதெல்லாம் நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது. மே 12ஆம் திகதி, நீ படகைத் தூக்கும் இடத்துக்குத் தானாக வந்தது போல வருவார், நீ திடுக்கிட்டது போல இரு. சித்தப்பாவின் கதையை நீயாக எடுக்காதே. படகு தண்ணீருக்குத் திரும்பி இறங்கின பிறகு அவர் கரையில் நிற்பார். வாங்கோ அப்பா என்று கையை நீட்டாதே, அவசரப்படுத்தாதே, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு உள்ளே நில். ஒரு மணித்தியாலம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஏறினால் முதலில் குந்தித் தரையைத் தடவுவார். அவர் தடவி முடிக்கும்வரை பேசாமல் இரு.

மாதா உன்னையும், அந்தச் சப்பாத்துக்காரன் நல்லவனாக இருந்தால் அவனையும், ஒரு குறையும் அண்டாமல் காக்கட்டும். வாசித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு, மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா றஞ்சினி