கால் மில்லிமீட்டர்

ஜூலை 3, செவ்வாய்

சைக்கிள் குழுவுக்குக் கருவிகள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு! நூலகத்தில் சைக்கிள் பராமரிப்புப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்தவள் நான் ஒருத்திதான் என்று விளையாட்டு மிஸ்ஸுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்காரர் கொடுத்த விலைத்தாளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, வளைந்த ஆறுமூலைக் கம்பியான எல் கீ ஏழெட்டும், நட்டைக் கவ்வும் சாக்கெட் மூன்றும் உள்ள துணிப் பை. மற்றது நாற்பது உருப்படிகள் கொண்ட பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளம். பெட்டிதான் சிறந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 5, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. எல்லாம் அங்குல அளவு. சைக்கிள் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர். தாளின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்குலத்தில் பதினாறில் மூன்று என்றால் 4.76 மி.மீ. போல்ட் தலையில் கீ நுழையும் ஓட்டை 5. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கணக்கு வகுப்பில் இதை ஐந்து என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

கிரீஸ் ஒரு கீயை எடுத்து என் சைக்கிளில் மாட்டி ஆட்டினாள். (அவள் அம்மா சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அதனால் வகுப்பில் அந்தப் பெயர். வைத்தது நானில்லை. கூப்பிடுவது மட்டும்.)

"உள்ள போகுதான்னு பாக்காத. ஆடுதான்னு பாரு. இது போல்ட்டைத் தின்னுடும். திருப்பிக் குடுத்துடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முதல்ல புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லிக்குடு" என்றேன். பெரிய சிரிப்பு. அவள் கீயைச் சரியான பள்ளத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நன்றாகச் சொன்னேன் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, திங்கள்

மதிய இடைவேளையில் வகுப்புத் தலைவியின் சைக்கிளில் தளர்ந்திருந்த ஹேண்டில் போல்ட்டை என் பெட்டிக் கீயால் முறுக்கினேன். கீ வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். மறுபடி வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் ஆறு மூலையும் போய் ஓட்டை வட்டமாகிவிட்டது. ஹேண்டில் இறுகவே இல்லை.

மணி அடித்துவிட்டது. ஓட்டையின்மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினேன்.

ஏன் தடவினேன்? நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூலை 10, செவ்வாய்

சொல்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. காலையில் பள்ளி வாசலில் தலைவி சைக்கிளைத் திருப்பியபோது ஹேண்டில் மட்டும் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. விழுந்ததில் அவள் தாடையில் மூன்று தையல்.

"யாரு இதுல கை வெச்சது?" என்றார் மிஸ்.

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "கிரீஸ்தான் மிஸ். எப்பப் பாத்தாலும் ஸ்பேனரும் கையுமா திரிவா."

"நான் தொடவே இல்ல மிஸ்."

"கையைக் காட்டு." கையில் கருப்பு இருந்தது. அவள் கையில் என்றைக்கு இல்லாமல் இருந்தது? "இனிமே சைக்கிள் ஷெட் பக்கம் வராத. ஞாயிற்றுக்கிழமை குழுவோட சைக்கிள் பயணத்துக்கும் நீ வேண்டாம்."

போகும் முன் அவள் குனிந்து ஓட்டையிலிருந்த கிரீஸை விரலால் வழித்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேனே. சீ.

ஜூலை 11, புதன்

அம்மா: "என்னடி கண்ணு, புத்தகத்தைத் தலைகீழா வெச்சுப் படிக்கிற? அதுல ஏதாவது புதுசா தெரியுதா?"

சிரிக்க முயன்றேன்.

ஜூலை 12, வியாழன்

கிரீஸின் கடைப் பக்கம் போனேன். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்னு உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களா? உன் கையெழுத்து அழகா இருக்கும். என் கையைப் பாத்தியா?" டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வழியை விடு. வெளிச்சம் மறையுது."

நடந்து வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் போனவள், அதை உருட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 13, வெள்ளி

நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். மிஸ் வாங்கவில்லை. "ஒரு வரியில சொல்லு."

"நான்தான் மிஸ்."

"இத்தனை நாளா?"

"பயந்துட்டேன் மிஸ்." பயம் பாதிதான். அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான் மீதி. அதையும் சொன்னேன். மிஸ் முகம் மாறிப்போனது. வகுப்பின் முன்னால் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். தலைவி தாடைக் கட்டைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கிரீஸ் என்று நான் கூப்பிட்டு வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

ஜூலை 16, திங்கள்

நேற்று பயணத்துக்கு அவள் போனாள். நான் போகவில்லை, என் பெயரை நீக்கிவிட்டார்கள். அதுதான் நியாயம்.

ஜூலை 27, வெள்ளி

இப்போது ஷெட்டின் பொறுப்பு அவளுக்கு. என் பெட்டி அலமாரியின் மேல் கிடக்கிறது. அவள் தேர்ந்தெடுத்தவை ஒரு பழைய துணியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன: நான்கு, ஐந்து, ஆறு, எட்டு மில்லிமீட்டர் எல் கீ, பத்தும் பதினைந்தும் சாக்கெட். அவ்வளவே. கருவிகளை எடுத்துக் கொடுக்க மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்டாள். பெயர் சொல்லித்தான் இப்போது கூப்பிடுகிறேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தலைவியின் சைக்கிளில் தேய்ந்த போல்ட்டின் தலையில் ரம்பத்தால் கோடு அறுத்துத் திருப்புளியால் கழற்றினாள். புது போல்ட் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"அஞ்சு."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் மாட்டினாள்.

சரியாகத்தான் கொடுத்திருந்தேன்.