என் பெயர் எழுதிய முட்டுக்கால்

மும்மணிகள் துணை.

செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய உத்தரா மாதா அவர்களுக்கு, மெணிக்ராள வணங்கி எழுதுவது.

மேலே ‘அன்புள்ள ஹீன் மெனிகே’ என்று எழுதி அடித்திருக்கிறேன். துறவியான பின் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று பிறகுதான் நினைவு வந்தது. வேறு தாள் இல்லை. மன்னிக்க வேண்டும்.

கையெழுத்துக்கும் மன்னிக்க வேண்டும். நம் சிங்கள எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறது. நாற்பது வருஷம் நேர்கோடு போட்டு மரம் அறுத்த கைக்கு வட்டம் படியவில்லை. ஒரு வரி முடிவதற்குள் இரண்டு தடவை வெற்றிலை போட்டுவிடுகிறேன். ஆனால் இது முழுக்க நானே எழுதுவது, யாரும் கைபிடிக்கவில்லை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வைகாசி மாதம் இங்குள்ள பெண் துறவிகளின் மடத்தில் பெரியவர்களுக்கு வகுப்புத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பெண்கள், நான் ஒருவன் ஆண். புஞ்சிராள மடத்து வேலியில் சாய்ந்துகொண்டு, “என்ன மச்சான், மந்திரி வேலைக்குப் போகப் போறியோ?” என்று கேட்பான். மரம் அறுக்கும் வாளில் என்னோடு மறுமுனை பிடித்தவன் அல்லவா, பொறாமை. இப்போது நான் பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கிறேன். சீமெந்துப் பையில் எழுதியிருப்பதையும் வாசிக்கிறேன். வாசிப்பதற்காகவே கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உந்துவப் போயாவுக்கு, அந்தப் பௌர்ணமிப் பூசைக்கு, நீங்கள் வருகிறீர்கள் என்று விகாரையில் சொன்னார்கள். சங்கமித்தை மாதாவை நினைத்து இந்த வருஷம் அரசங்கன்றைச் சுமந்து வரப்போவது நீங்களாம். கேட்டதும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. அசோக மன்னர் துறவியான மகள் சங்கமித்தையை அரசங்கன்றோடு இங்கே கப்பலேற்றும்போது தண்ணீரில் இறங்கி நின்று அழுதாராம். நான் பதினொரு வருஷத்துக்கு முன், நீங்கள் போன அன்று, வாசல் படலை வரைக்கும்கூட வரவில்லை. உள்ளே இருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அதை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

கை வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

புதன்கிழமை

நேற்று ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் கடிதத்தையே தொடங்கினேன்.

விகாரையின் பெரிய அரச மரத்தில் தெற்குக் கிளை உங்களுக்கு நினைவிருக்கும். முற்றம் முழுவதையும் மூடி நிற்கும். கன்று சுமந்து வருகிற மாதாவுக்கு அதன் நடுவுக்கு நேர் கீழேதான் ஆசனம். முந்நூறு பெண்கள் வெள்ளை உடுத்து அவரைச் சுற்றி உட்காருவார்கள்.

அந்தக் கிளை முறியப் போகிறது.

கிளை பிரியும் கவையில் ஒரு வெடிப்புக் கண்டேன். அதிலிருந்து கறுப்பாக நீர் வடிகிறது. உள்ளே குடியிருந்த எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போகின்றன. எறும்பு காரணமில்லாமல் வீடு மாறாது. திங்கட்கிழமை ஏணி வைத்து ஏறி, வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பை வெடிப்பின் குறுக்கே அப்பிவிட்டு வந்தேன். மரம் அசையாமல் நின்றால் சுண்ணாம்பு அப்படியே காய்ந்திருக்கும். நேற்று அதில் மயிரிழை அளவு கீறல். இன்று என் நகம் நுழைகிறது.

மழை விடவில்லை. போதாததற்குப் பெண்கள் தினமும் வரிசையாகக் குடம் குடமாக வேருக்கு நீர் வார்க்கிறார்கள். நேர்த்தி, யார் தடுப்பது? மண் களியாகிவிட்டது. கிளையைத் தாங்கும் முட்டுக்கால்கள் ஒவ்வொன்றாகப் புதைந்து இறங்குகின்றன.

விகாரையின் தலைமைப் பிக்கு, பெரிய ஹாமுதுருவிடம் போய்க் கும்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சிலை வீட்டுக்கு ஆபத்தெண்டால் கிளையை வெட்டலாம், மெணிக்ராள. தாதுகோபத்தில முட்டினாலும் வெட்டலாம். மனிசருக்காக அரச மரத்தில இரும்பு வைக்கலாமெண்டு நான் எங்கயும் படிக்கேல்ல” என்றார். “மனிசருக்கு மேல விழலாமெண்டு படிச்சிருக்கிறீங்களோ ஹாமுதுருவே?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தார். போயா முடிந்ததும் மூத்த சங்கத்தாரிடம் கேட்போம் என்றார்.

ஆசனத்தையாவது மாற்றச் சொல்லி விகாரைச் சபைச் செயலாளர் விமலதாசவிடம் கேட்டேன். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஆசனம் அங்கேதானாம். “உன்ர கண்ணுக்கு எல்லா மரமும் பலகையாத்தான் தெரியும். இது புத்தருக்கு நிழல் குடுத்த மரத்தின்ர வம்சம் ஐயா, தன்னைக் கும்பிட வந்தவங்கட தலையில விழுமோ?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அதனால் மாதா, உங்களிடமே கேட்கிறேன். அந்த ஆசனத்தில் உட்கார வேண்டாம். பெண்களைப் பிரசங்க மண்டபத்துக்குள் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை

நேற்று ஒரு வரியும் எழுதவில்லை. காரணம் சொல்கிறேன்.

நேற்றுக் காலை கிளையைப் பார்க்கப் போனபோது, முட்டுக்கால்களில் பொன்நிறப் பூச்சுக்கு மேல் ஏதோ எழுதியிருப்பது கண்ணில் பட்டது. பதினொரு வருஷமாக அவற்றின் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறேன். ஏதோ பூ வேலை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று அது எழுத்து என்று தெரிந்தது. கிரகம் சரியில்லாதவர்களுக்காக, நோயாளிகளுக்காக, ஆயுள் நீள வேண்டும் என்று வீட்டார் கொடுத்த முட்டுக்கால்கள். குழந்தை மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டு போனேன். நல்ல சந்தோஷம். நான்காவதில் என் பெயர் இருந்தது.

மெணிக்ராள, நீடூழி வாழ. கொடுத்தவர்: மகள்.

மூன்று தரம் வாசித்தேன். தப்பாக வாசிக்கிறேனோ என்று எங்களுக்கு வகுப்பெடுக்கும் சுமேதா மாதாவை மடத்திலிருந்து கூட்டி வந்து காட்டினேன். “சரியாத்தான் வாசிக்கிறீங்க அப்பா” என்றார். நீங்கள் மடம் புகுந்த அந்த வருஷமே கொடுத்ததாம். வருஷாவருஷம் பூச்சும் புதுப்பிக்கச் சொல்லி அனுப்புவீர்களாம். ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். வாசிக்கத் தெரியாதவனிடம் யார் சொல்லுவார்கள்? நானும் யாரையும் உங்கள் பேச்சை எடுக்க விட்டதில்லை.

மற்ற முட்டுக்கால்கள் சாய்ந்துவிட்டன. கிளையின் பாரம் முழுவதும் இப்போது அந்த நான்காவது காலில்தான். ஒரு சாண் புதைந்திருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், உள்ளே நடுங்குகிறது. சுண்ணாம்பு வெடிப்பில் இன்று இரண்டு விரல் போகிறது.

தபால்காரர் இன்று வந்தார். கலா ஓயா ஆறு பெருகிப் பாதை தண்ணீருக்குள் இருக்கிறதாம், திங்கட்கிழமைதான் தபால் பை போகுமாம். நீங்கள் வரும் ரயிலுக்கு ஒன்றுமில்லையாம். ஆக, நீங்கள் வந்து சேர்வீர்கள், இந்தக் கடிதம் வந்து சேராது. உங்கள் மடத்துக்குத் திரும்பிய பிறகுதான் இதை வாசிப்பீர்கள். அதற்குள் ஊர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். என் பக்கத்தை என் கையெழுத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதி முடிக்கிறேன்.

பரணில் இருந்த வாளை இறக்கிவிட்டேன். ஆறு வருஷத் துரு. காலையிலிருந்து அரம் போட்டுப் பல் தீட்டினேன். சத்தம் கேட்டுப் புஞ்சிராள வந்தான். “அரச மரத்தில வாள் வைச்சவன்ர கை அழுகும், தெரியுமோடா?” என்றான். எழுதப் பழகிய கை, அதுதான் கவலை என்றேன். அவன் சிரிக்கவில்லை. “நான் வாளைத் தொடமாட்டன். கயிறு இரும்பில்லைத்தானே?” என்றான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாளை மத்தியானம், தானச் சாப்பாடு முடிந்து ஹாமுதுருமார் சாய்ந்திருக்கும் நேரத்தில் முற்றம் காலியாக இருக்கும். கிளைக்குக் கயிறு கட்டி மெல்ல இறக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் என்றால் கிளை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மழை நின்றால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கன்றோடு நுழையும்போது தெற்குப் பக்கம் வெயில் விழுந்து கிடக்கும். யார் செய்தது என்று கேட்டால் ஊர் சொல்லும். சொல்லும் விதம் நன்றாக இருக்காது. அப்போது நான் உங்கள் தகப்பன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். கன்று சுமக்கிற கைக்கு அந்தப் பேச்சு ஆகாது. என்னைக் கூட்டத்தில் தேடவும் வேண்டாம். பாவம் என்று ஒன்று இருந்தால் அது வாள் பிடித்தவனோடு நிற்கட்டும், முற்றத்தில் உட்கார்கிறவர்களுக்கு அதில் பங்கில்லை.

கிளை போய்விட்டால் அந்த நான்காவது முட்டுக்காலுக்கு வேலை இல்லை. யாரும் விறகுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள். நான் எடுக்க முடியாமல் போனால், நீ எடுத்து உன் மடத்தில் வை. என் பெயரை நானே வாசித்த முதல் இடம் அது மகளே.

துறவிக்கு இல்லறத்தான் ஆசி சொல்லக் கூடாது, தெரியும். அதனால் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்தை நினைத்துச் சொல், பிந்தி வாசித்தாலும் பரவாயில்லை.

எழுத இன்னும் நிறைய இருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருந்து கத்தியதையும் எழுத வேண்டும். வட்டங்கள் கொஞ்சம் திருந்தட்டும், அடுத்த கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மெணிக்ராள
(இது நானே வைத்த ஒப்பம். கைநாட்டு இல்லை.)