குடிக்கவில்லை, அடித்தாய்

மச்சான்,

இன்று காலை மேற்கே யாரோ பருத்திக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். காற்றோடு அந்த வாடை வந்ததும் கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டேன். அழுகிய பூண்டு போன்ற அந்த நாற்றம் வந்தாலே நீ வந்துவிடுகிறாய். உன்னை நினைக்க எனக்கு நல்ல வாசனை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் நம் நிலங்கள் ஒரே வரப்பில் ஒட்டிக் கிடக்கின்றன. ஊரில் எல்லோரும் நாள் பார்த்து மருந்து அடித்தால், நீ பூச்சியைப் பார்த்துத்தான் அடிப்பாய். பருத்தியில் சப்பை மொட்டு விட ஆரம்பித்ததும் தினமும் இனக்கவர்ச்சிப் பொறியின் பையை அவிழ்த்து, விழுந்த அந்துப்பூச்சிகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணுவாய். உனக்குப் 'பூச்சிக் கணக்குப்பிள்ளை' என்று பேர் வைத்ததே நான்தான். இலையைத் திருப்பும்போது பொறிவண்டு தென்பட்டால் உனக்கு ஒரே குஷி. "இது நம்ம ஆளுடா, அசுவினிப் பூச்சியத் துன்னுக்கினு கீது. இத்தக் கொன்னுட்டு இன்னா பண்ணப் போற?" என்பாய். ஊரிலேயே குறைவாக மருந்து வாங்கியவன் நீதான்.

அந்த வருஷம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வந்தது. பூக்கள் விரியாமல் சுருண்டு நின்றன. காயைப் பிளந்தால் உள்ளே விதையைத் தின்றபடி புழு. பொறிப் பையும் நாளுக்கு நாள் கனத்தது. இனித் தாங்காது என்று நீயே தெளிப்பானை முதுகில் மாட்டினாய். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் உனக்குக் காப்பு.

"காத்து திரும்பிக்கினு கீதுடா, சாயங்காலமா அடிச்சிக்கலாம்" என்று கத்தினேன்.

"புழு இன்னா காத்து பாத்தா துன்னுது? நீ போய் நாஷ்டா துன்னு" என்று சிரித்தாய்.

சற்று நேரத்தில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். ஓடி வந்தேன். சட்டை முழுக்க ஈரம், வாயில் நுரை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். ஆட்டோக்காரர் பதற்றத்தில் ஒரே சொல் சொன்னார்: "மருந்துங்க." பயிர் என்றால் மருந்து அடிப்பார்கள். சாகக் கிடப்பவனைக் காட்டி மருந்து என்றால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "அடிச்சிக்கினு இருந்தான், குடிக்கல" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நீ பொழுது சாயும் முன்பே போய்விட்டாய். உன் உடம்பு வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. "பயிர்ல புழு வுழுந்துச்சு, மருந்தக் குடிச்சிட்டான்." சாவு வீட்டிலேயே ஒருத்தி உன் பெண்சாதியிடம், "வூட்ல இன்னா சண்ட?" என்று கேட்டாள். அவளை அடிக்கப் போன என்னை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, நண்பனுக்காகப் பேசுகிறான் என்று போய்விடுகிறார்கள்.

போன வாரம் உன் மகள் வந்தாள். காலேஜ் போகிறாள் இப்போது. வரப்பில் நின்று, செருப்பால் மண்ணைக் கிளறியபடி கேட்டாள்.

"மாமா, நெசத்தச் சொல்லு. நைனா குடிச்சிட்டாரா?"

"இல்லம்மா. காத்து மாறிடுச்சு. என் கண்ணால பாத்தேன். அன்னிக்கிக் காலைலதான் பொறில பூச்சிய இழுக்குற புதுக் குளிகை வச்சாரு. நாளைக்கு எத்தினி பூச்சி வுழுதுன்னு பாக்கணும்னாரு. சாவப் போறவன் அத்த வைப்பானா?"

மண்ணைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ எங்கள வுட்டுட்டுப் போவணும்னு நெனைக்கல?"

"நெனைக்கலம்மா."

"இத்தினி வருஷமா நாங்க அவரு மேல கோவமா இருந்தோம் மாமா" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு போனாள். அவள் கோபம் தீர்ந்துவிட்டது. எனக்கு உன் மேல் இருப்பது மட்டும் தீரவில்லை. சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா மச்சான்?