நத்தைப் பணிஸ்

வெள்ளவத்தை
12.02.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் இங்கு சுகம். அங்குள்ள குளிரில் நீங்களும் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி கொட்டாஞ்சேனையில் இமெல்டா அன்ரியின் கேக் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கலியாண எழுத்து முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பதினொரு பேர். எல்லோரும் ஐசிங்கில் ரோசாப்பூப் பழகுகிறார்கள். நான் மட்டும் நீங்கள் எழுதி அனுப்பிய கறுவாப் பணிஸ்.

அதற்கு டென்மார்க்கில் நத்தை என்று பெயர் என்றீர்கள். பெயர் வைத்தவனுக்கு நல்ல கண். மாவைத் தட்டி, பட்டரும் சீனியும் கறுவாத் தூளும் பூசி, பாயைப் போலச் சுருட்டி, வெட்டி, போறணைச் சூட்டில் வேகவைத்து எடுக்கும்வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு ஐசிங் சீனியைத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றச் சொன்னா அன்ரி. அது வழிந்து, மினுங்கி, விரலுக்கு விரல் நூல் விட்டது. எங்கள் கிணற்றுக் கட்டில் மாரி காலத்தில் நத்தை ஊர்ந்த தடம் அப்படியே. ஒரு கடி கடித்தேன். பல் கூசிப் போய், பிளேன்ரீ குடித்தும் அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. குறை நினைக்காதீர்கள், எனக்கு அருவருத்துவிட்டது.

நீங்கள் தபாலில் அனுப்பிய கறுவாத் தூளை அன்ரி மணந்து பார்த்துச் சிரித்தா. "பிள்ளை, கறுவா விளையிற நாட்டுக்கு ஆர் கறுவா அனுப்பினது?" என்று கேட்டா.

உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்? போன ஆவணியில் எங்கள் எழுத்துக்கு வந்தபோது நாங்கள் கதைத்தது பத்து நிமிஷம், அதிலும் நீங்கள் பக்கத்தில். அதன் பிறகு ஒரு கடிதமும் இல்லை. உங்கள் கடிதத்தின் அடியிலாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிவமணி


ஹேர்னிங், டென்மார்க்
03.03.1997

என் தங்கமான சிவமணிக்கு,

உம்முடைய கடிதம் கண்டு பெரிய சந்தோஷம். இனிப்புப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர். எல்லாம் பழகப் பழகச் சரிவரும், செல்லம். தம்பிக்கு ஓயாத வேலை, எழுத நேரமில்லை. ஆனால் எந்த நேரமும் உம்முடைய கதைதான்.

இனிப் பன்னிரண்டு செய்து பழகினால் போதாது. ஒரு தட்டுக்கு இருபத்துநாலாக, ஆறு தட்டு ஒரேயடியாகச் செய்து பாரும். எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்று குறித்து அனுப்பும். மாப் பறந்தால் உமக்கு இருமல் வருமா? இடுப்பில் நாரிப் பிடிப்பு ஏதும் உண்டா? அன்பினால்தான் கேட்கிறேன்.

உமக்கென்று ஒரு கூறைச் சேலையும் இரண்டு ஏப்ரனும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உம்மைக் காணும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மச்சாள்,
கனகேஸ்வரி


வெள்ளவத்தை
29.03.1997

மச்சாளுக்கு,

ஆறு தட்டும் செய்தேன். ஐந்து மணித்தியாலமும் இருபது நிமிஷமும். குறித்துக்கொள்ளுங்கள். இருமல் வரவில்லை. நாரி நொந்தது.

அதில் ஒரு தட்டை நான் தங்கியிருக்கும் லொட்ஜில் இருக்கிற சனத்துக்கென்று பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் செக் பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தைக் கண்ட ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பணிசின் நடுவிலும் விரலை விட்டுக் குடைந்தான். இருபத்துநாலிலும். அவனுடைய நகத்துக்குள் கறுப்பு ஊத்தை. விரலை நக்கிவிட்டு, குடைந்த ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "கன்ன" என்றான். சாப்பிட்டுக் காட்டு என்கிறான். பஸ் சனம் முழுவதும் பார்த்து நிற்கச் சாப்பிட்டேன். லொட்ஜுக்கு வந்து சத்தி எடுத்தேன். மிச்சத்தைக் குப்பையில் கொட்டினேன்.

படுத்துக் கிடந்தபடி உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அவன் குண்டு தேடிக் குடைந்தான். நீங்கள் என்னத்தைத் தேடுகிறீர்கள்? இருமல் இருக்கிறதா, நாரி தாங்குமா என்று மாடு வாங்குகிறவர்கள்தான் பார்ப்பார்கள். நூற்று நாற்பத்துநாலு பணிஸ் எந்த வீட்டுப் புருஷன் தின்பார்? அங்கே உங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என்னை எடுப்பது குடும்பம் நடத்தவா, மாக் குழைக்கவா?

உங்கள் தம்பி தன் கையால் மறுமொழி எழுதட்டும். அதுவரை நான் மாவில் கை வைக்கமாட்டேன்.

சிவமணி


ஹேர்னிங்
20.04.1997

சிவமணிக்கு,

உம்முடைய கடிதம் அக்காவின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நான் தேடி எடுத்து வாசித்தேன்.

கடை இருக்கிறது. அக்காவும் அத்தானும் நடத்துகிறார்கள். ஏழு வருஷமாக விடிய முன்னம் எழும்பி மாக் குழைப்பது நான்தான். என்னை இங்கே எடுப்பித்தவ அக்கா. அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டா. கடையில் நின்ற இரண்டு பேர் விலகிப் போன பிறகுதான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொழும்புக்கு வந்து ஒப்பம் வைத்தேன். அதை நினைக்க என்னைக் கண்டு எனக்கே அருவருப்பு.

கறுவா மணம் என் தோலை விட்டுப் போவதில்லை. குளித்துத் தோய்ந்தாலும் மணக்கிறது, சோற்றிலும் மணக்கிறது. அந்தப் பணிசை நான் வாயில் வைத்து ஆறு வருஷம்.

நீர் வர வேண்டாம். மாப்பிள்ளையில் பிழை என்று வீட்டில் சொல்லும். பிரிகிறதற்கு எந்தக் கடதாசியில் கேட்டாலும் ஒப்பம் வைத்து அனுப்புவேன்.

குகநேசன்


வெள்ளவத்தை
15.05.1997

அன்புள்ள குகநேசன்,

பெயர் சொல்லி எழுதுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று பழக நமக்கு நாள் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இனிப்பான ஒரு சொல்கூட இல்லை. ஆனபடியால் நம்புகிறேன். ஆனால் எனக்குக் கோபம் ஆறவில்லை. தெரிந்துகொண்டு ஒப்பம் வைத்த உங்கள் கை, அந்த ஆமிக்காரனின் விரலைவிட ஊத்தை. இதை எழுதாமல் விட்டால் காலம் முழுக்க அது எனக்குள் கிடந்து புளிக்கும். எழுதிவிட்டேன்.

விசா வந்துவிட்டது. ஆவணிக்குள் பிளேன் ஏற வேண்டும். வீட்டுக்கு இன்னும் அறிவிக்கவில்லை. அறிவித்தால் அடுத்த நாளே அம்மா கோயிலுக்குப் பொங்கிவிடுவா.

உங்கள் அக்கா வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்கள் அங்கிருந்து வெளிக்கிட்டு வேறு எங்காவது ஓர் அறை எடுத்தால், அந்த விலாசத்தை எழுதி அனுப்புங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். அந்த விலாசத்துக்கு வருவேன். ஆவணி வரை பார்த்திருப்பேன். விலாசம் வராவிட்டால், தருவதாகச் சொன்ன ஒப்பத்தைக் கேட்டு எழுதுவேன்.

அறை சின்னதென்றாலும் காரியமில்லை. சோறு காய்ச்ச ஓர் அடுப்பு இருந்தால் போதும். போறணை வேண்டாம்.

சிவமணி